மூன்றாவது நிரை

இலங்கையின் தாராபுரத்து முன்பள்ளிப் பாயில் ஒரு பிள்ளை. கடற்கரையில் பொறுக்கிய சோகி ஒரு நிரை, மட்டி ஒரு நிரை. முடிந்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. டீச்சருக்குக் கை துருதுருக்கிறது; செயலமர்வில் கிடைத்த எண் அட்டைகள் மேசையில் காத்திருக்கின்றனவே!

அட்டையை நீட்டுமுன் ஒரு பழைய கதை. 1907இல் ரோமின் சான் லொரென்சோவில் மரியா மொண்டிசோரி குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார் மொண்டிசோரி. மற்றப் பிள்ளைகளைப் பாடவும் சொன்னார். (கொஞ்சம் குறும்புதான்.) சிறுமி நிமிரவேயில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்தாள். மருத்துவரான அவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். முன்பள்ளியை நம்மவர் இன்றும் ‘மொண்டிசோரி’ என்கிறார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, பொறுமை ஒட்டியதா என்பதில் எனக்குச் சந்தேகம்.

செயலமர்வுச் சான்றிதழ் சுவரில் தொங்கட்டும், டீச்சர். பிள்ளையைக் கவனிக்க ஒரு பழைய கொப்பி போதும்: நாளுக்கு ஒரு பிள்ளை, இரண்டு வரி. எதை எடுத்தது, எவ்வளவு நேரம், எங்கே திணறியது. மாதக் கடைசியில் பக்கத்து டீச்சரோடு இருந்து வாசித்துப் பாருங்கள். தேநீரும் பனங்கட்டியும் இருந்தால் இன்னும் நல்லது.

பாயில் இப்போது மூன்றாவது நிரை தொடங்கியிருக்கிறது. உடைந்த சிப்பிகளுக்கு மட்டும். அட்டைகளில் அப்படியொரு பிரிவே இல்லை.