விமான உபயம்

கோயில் டியூப்லைட்டில், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் இருக்கும். ஆனாலும் அந்த விளக்கு நம் ஊரில்தான் எரியும். மெட்ராஸ் மாகாணம் கொடுத்த விமான உபயம் எரிந்தது இங்கிலாந்து வானத்தில்.

நம் ஊர் குயிலாப்பாளையம் அன்று தென்னாற்காடு ஜில்லா, அதாவது மெட்ராஸ் மாகாணம். தெற்கே சற்று தூரத்தில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. வடக்கே மரக்காணம் உப்பளங்கள். உப்புக்கு வரி கட்டிய இந்த மாகாணத்திடம்தான் இரண்டாம் உலகப்போரில் போர்விமானத்துக்கும் நன்கொடை கேட்டார்கள். 'மெட்ராஸ் மெயில்' பத்திரிகை நிதி திரட்டியது. ஒரு விமானத்துக்கு 5,000 பவுன் என்பது தானத்துக்கென்று வைத்த விலை. செய்யும் செலவு அதைவிட அதிகம். பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264ஆம் ஸ்குவாட்ரன்கள் 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயரைப் பெற்றன.

ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தினால் 'ஏஸ்' என்பது வழக்கம். 264இன் டிஃபையன்ட் விமானத்தில் அந்தக் கணக்கே சிக்கலானது. ஓட்டுகிறவருக்கு முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி கிடையாது. பின்னால் சுழல்கூண்டில் உட்கார்ந்தவர்தான் நான்கு துப்பாக்கிகளால் சுடுவார். எட்வர்ட் தார்ன் ஓட்ட, ஃபிரெட் பார்க்கர் சுட்டார். புகழை இருவருக்கும் பங்கிட்டார்கள். 1940 மே 29 அன்று டன்கிர்க் வானில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அந்தப் பிரிவு எழுதிவைத்தது. ஒரே விமானத்தைப் பலர் சுட்டு, ஆளுக்கொன்றாக எண்ணியிருக்கிறார்கள். ஜெர்மானியர் பதிவேடுகளில் இழப்பு வெகு குறைவு. யாரும் பொய் சொல்லவில்லை, உயிருக்குப் போராடுகிறவன் கணக்கு அப்படித்தான் இருக்கும். பிறகு எதிரி முன்புறமாக வந்து அடிக்கக் கற்றுக்கொண்டான். பிரிவின் தலைவர் பிலிப் ஹன்டர் ஆகஸ்ட் 24ஆம் தேதி திரும்பவில்லை. மாத இறுதிக்குள் டிஃபையன்டைப் பகல் போரிலிருந்து விலக்கினார்கள்.

234இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய ஆஸ்திரேலியர் பாட் ஹியூஸ் பத்துக்கும் மேல் வீழ்த்தியவர். செப்டம்பர் 7இல் மாண்டபோது வயது 22, புதுமாப்பிள்ளை. மெட்ராஸை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. சென்னையைக் காலி செய்யச் சொன்னது அரசு. மெட்ராஸ் பெயர் கொண்ட மூன்று ஸ்குவாட்ரன்களில் ஒன்றுகூட அப்போது இங்கே இல்லை. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து ஊருக்குள் வந்துவிடும் என்று, உயிரியல் பூங்காவின் சிங்கம் புலிகளைப் போலீசார் சுட்டார்கள். அந்த மாதம் மெட்ராஸில் சுட்டு வீழ்த்தப்பட்டவை அவைதான்.