பாட்டி சீவாத மரம்

சீட்டில் மூன்று வரிதான். ரப்பர் மரம். கையால் செய்தது. என் பாட்டி பால் வெட்டிய மரம். இந்த மூன்றாவது வரியைச் சேர்த்த பிறகு, 95 வெள்ளிக்கு விற்ற என் காய்கறி வெட்டும் பலகை 140 வெள்ளிக்குப் போக ஆரம்பித்தது.

வீட்டுக் கார் போர்ச்சில் ஒரு மேசை ரம்பம், ஒரு சேண்டர், பன்னிரண்டு கிளாம்ப். வார இறுதியில் கார் வெளியே சடக்கில் நிற்கும், உள்ளே நான் பலகை செய்வேன். நாலு சென்டிமீட்டர் அகலத்தில் மரத்தைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். மறுநாள் 80, 120, 180, 220 என்று உப்புத்தாள் ஏறும். பிறகு பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும், அவற்றை மறுபடி தேய்க்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் வாங்கியவர் முதல் தடவை கழுவும்போதே பலகை சொரசொரத்துவிடும். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் கிடைக்கிற நிம்மதியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அந்த மாதிரிக் கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

ரப்பர் மரத்தை நான் விலைக்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். பால் குறைகிற வயதில், அதாவது 25 வருஷத்திலிருந்து 30 வருஷத்துக்குள், மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். முன்பு அது விறகு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடவும் செங்கல் சூளைக்கும் போனது. வெட்டிய சில நாளிலேயே பூசணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்து மாவாக்கிவிடும். வெட்டிய கையோடு போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில் இது மேசை நாற்காலி ஆனது. மூவார் பக்கத்துத் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு இன்றைக்கும் இதுதான் முக்கியமான மரம். (மருந்தைப் பற்றி என்னிடம் பலகை வாங்கிய யாரும் கேட்டதில்லை. கதையைத்தான் கேட்டார்கள்.)

கதையைக் கேட்கச் சொன்னது ஒரு கைவினைச் சந்தையை நடத்தியவர். "பலகை எல்லாரும் செய்றாங்க. உங்க கதை என்ன?" என்றார். எனக்குக் கதை இருந்தது. பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். பேரன் அதே மரத்தில் பலகை செய்கிறான். சீட்டை அன்றிரவே அடித்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பாட்டி வந்திருந்தார். ஒரு பலகையைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். வாழ்நாள் முழுக்க அருவாமனையில் உட்கார்ந்து காய் அரிந்தவர். முட்டி வலி வந்த பிறகுதான் மேசைக்கு வந்தார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா கித்தா?"

"ஆமா பாட்டி."

"வெளுப்பா இருக்கே." முகர்ந்து பார்த்தார். "புளிச்ச வாடையே இல்ல."

சீட்டில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"எந்தத் தோட்டத்து மரம்?"

"கடையில வாங்குனது பாட்டி."

"அப்ப நான் எப்படிய்யா சீவுனேன்?"

கேலியாகக் கேட்கவில்லை. மளிகைக்கடை பில்லில் ஒரு சாமான் கூடுதலாக இருந்தால் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். "என் நெரை மரமெல்லாம் சாச்சு செம்பனை நட்டுட்டாங்களே. அதெல்லாம் அப்பவே வெறகாப் போச்சு."

பேச்சை மாற்றுவதற்காகப் பலகையின் ஓரத்தில் இருந்த கறுத்த வளைவைக் காட்டினேன். சந்தையில் அதைத்தான் எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள். உளி பட்ட தழும்பு என்று சொல்லித்தான் விற்றுக்கொண்டிருந்தேன். பாட்டிக்கு முகம் மாறிவிட்டது.

"உளி மரத்துல படலாமா? பட்டையிலதான் சீவணும். மரத்துல பட்டா அது காயம். காயம் போட்டா கங்காணி ஏசுவாரு. அந்த எடம் முண்டு முண்டா வீங்கிப் போயிடும், மறுபடி சீவ முடியாது. நான் காயம் போட்டவ இல்ல."

பால் ஓடுகிற குழாய்கள் இருப்பது பட்டையில். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மரத்தை வளர்க்கிற மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. உளி அதற்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், விடிவதற்கு முன்னால், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் பாட்டி இதைச் செய்திருக்கிறார். அந்த அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் எங்கள் தொழிற்சாலையில் இயந்திரத்தைத்தான் நம்புவோம். முப்பது வருஷம் எந்த மரத்தின் மேல் கை படாமல் பாட்டி பார்த்துக்கொண்டாரோ அந்த மரத்தில்தான் என் பலகை. அந்தத் தழும்பு யாரோ ஒருவரின் பிழை. நான் அதைப் பாட்டியின் கையெழுத்து என்று விற்றிருக்கிறேன்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். இதை முதலிலேயே போட்டிருக்க வேண்டியவன் நான். இப்போது கடைக்கு வருகிற மரம் 25, 30 வயதில் வெட்டப்பட்டது என்றால் 1990களின் பின்பாதியில் நட்டது. நட்டு ஆறேழு வருஷம் கழித்துத்தான் உளி படும். பாட்டி உளியைக் கீழே வைத்தது 1991இல். என் பலகைக்குள் இருக்கிற மரம் அப்போது விதையாகக்கூட இல்லை.

நண்பன் ஒருவனிடம் சொன்னேன். "இதெல்லாம் பொய்யா? இலக்கிய உண்மைடா. உன் பாட்டின்னா ஒரு தலைமுறை," என்றான். கேட்க நன்றாக இருந்தது. நானும் கொஞ்ச நாள் அதை வைத்துக்கொண்டு சமாளித்தேன். ஆனால் சிறுகதைக்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இது புனைவு என்று எழுதியவனுக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். விலைச்சீட்டில் அந்த ஒப்பந்தம் கிடையாது. தோட்டத்தில் ஒருநாள்கூட வாழாத என் தலைமுறை எழுதும் தோட்டக் கதைகளைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. அது வேறு சண்டை.

யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விதான் என்னை அதிக நாள் பிடித்து வைத்திருந்தது. பலகை நல்ல பலகை. வாங்கியவருக்குச் சந்தோஷம், எனக்கு 45 வெள்ளி கூடுதல். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யையும் வாய்மையோடு சேர்க்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். பள்ளியில் படித்தபோது 'நன்மை' என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. இப்போது 'குற்றமில்லாத' என்பதில் நிற்கிறது. குற்றம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற வேலையைப் பொய் சொன்னவனிடமே கொடுத்தால், அவன் தன் கண்ணுக்குத் தெரிகிறவர்களை மட்டும்தான் எண்ணுவான். நானும் அப்படித்தான் எண்ணினேன். வாங்குபவர், விற்பவர், பாட்டி.

நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அந்த மரத்தை நிஜமாகவே சீவியவர். இன்றைக்கு இந்த நாட்டின் ரப்பர் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களின் கையில் இருக்கிறது. 2005இலோ 2015இலோ விடியற்காலையில் அந்த மரத்தின் முன்னால் நின்றவர் ஒரு மலாய்க்காரப் பெரியவராக இருக்கலாம், கூலிக்கு வந்த இந்தோனேசியராகவோ பங்களாதேஷியாகவோ இருக்கலாம். தழும்பு அவர் போட்டதாக இருக்கலாம். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். எங்கள் பாட்டிமார் உழைப்பைச் சரித்திரத்தில் யாரும் எழுதவில்லை என்று மேடைக்கு மேடை குறைப்படுகிறவர்கள் நாங்கள். அந்த மனிதர் நின்ற இடத்தில் அவரை அழித்துவிட்டு என் பாட்டியை நிறுத்தியவன் நான், அதுவும் 45 வெள்ளிக்கு.

சீட்டை மாற்றினேன். ரப்பர் மரம், போரான் மருந்தேற்றி உலர்த்தியது, யார் பால் வெட்டியது என்று தெரியாது. சந்தை நடத்துபவர் படித்துவிட்டு, "இதுக்கு வெறும் விலையே போட்டுடலாமே," என்றார். விலை மறுபடி 95 வெள்ளி. விற்பனை மெதுவாகத்தான் போகிறது.

பழைய சீட்டோடு பதினாலு பலகை போயிருந்தது. ஒன்பது பேரின் எண் இருந்தது. உண்மையைச் சொல்லி, 45 வெள்ளியைத் திருப்பித் தருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். பெரும்பாலும் கட்டை விரல்தான் பதிலாக வந்தது. ஒருவர் மட்டும் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினார். அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

எட்டுப் பேருக்கு அனுப்பிவிட்டேன். ஒன்பதாவது எண்ணுக்கு இரண்டு வாரம் அனுப்ப முடியவில்லை. அந்த அக்கா பலகையைத் தன் அம்மாவுக்காக வாங்கியவர். அம்மாவும் பால்மரம் சீவியவராம். பலகையைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் அழுதார், பிறகு யாரும் கேட்காமலே தன் நிரையில் இருந்த மரங்களைப் பற்றி ராத்திரி வரைக்கும் பேசினார் என்று முன்பே எழுதியிருந்தார். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை. பொய் என் சீட்டில் இருந்தது. அதைச் சரிசெய்ய அவர் வீட்டுக்குள் போக எனக்கு உரிமை இருக்கிறதா? கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் கான்ட் ஒரு கட்டுரை எழுதினார். வயதான அம்மாக்களைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே போர்ச்சில் இரண்டு பலகைகளைத் தேய்த்து முடித்தேன். அப்புறம் தோன்றியது, நான் தயங்குவது அந்த அம்மாவுக்காக இல்லை. அந்த அக்கா என்னைப் பற்றி வைத்திருக்கிற நல்ல எண்ணத்துக்காக.

அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் மறுநாள் மத்தியானம்தான் வந்தது.

"பரவால்ல தம்பி. அம்மாகிட்ட நான் சொல்லல. காசு வேணாம். பலகை கொஞ்சம் வறண்டு போன மாதிரி இருக்கு, எண்ணெய் போடணுமா?"

மாதம் ஒரு தடவை மினரல் ஆயில் தடவி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், சிக்கு வாடை வந்துவிடும் என்று எழுதினேன்.