முதுகில் சுமந்த தம்பி



1945-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி ஜப்பான் தேசத்து நாகசாகி பட்டணத்தின்மேல் அணுகுண்டு விழுந்தது. உரகாமி தேவாலயம் இடிந்தது. அதைச் சூழக் குடியிருந்த ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர் மாண்டார்கள்.

யுத்தம் ஓய்ந்தபின், அமெரிக்கச் சேனையைச் சேர்ந்த ஜோ ஓடொன்னல் என்பவர் அங்கே ஒரு படம் பிடித்தார். பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன், காலில் செருப்பில்லை. அந்நாளில் ஜப்பானில் மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையை முதுகில் கட்டிச் சுமப்பது வழக்கம். இவனும் கட்டியிருக்கிறான். குழந்தை தூங்குவதுபோல் தலை சாய்ந்திருக்கிறது, ஆனால் உயிரில்லை. பிணஞ்சுடும் இடத்தில், தன் முறை வருமட்டும் சிறுவன் அசையாமல் நின்றான். அழவில்லை, கடித்த உதட்டில் இரத்தம் கசிந்ததென்று படமெடுத்தவர் சொன்னார்.

2017-ம் வருஷக் கடைசியில் பாப்பரசர் பிரான்சிஸ் "யுத்தத்தின் கனி" என்ற வார்த்தைகளோடு தம் கையொப்பமிட்டு, இப்படத்தை அச்சிட்டு வழங்கச் செய்தார்.

பிள்ளைகளின் அன்பு சத்தம் போடாது. நம் வீட்டிலும் கஷ்டகாலத்தில், "எனக்குப் பசியில்லை" என்று தன் சோற்றைத் தம்பிக்குத் தள்ளும் பிள்ளை உண்டு. பெற்றோர்களே, அதை நம்பிவிடாதீர்கள்! இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் அப்பிள்ளையை அருகே அழைத்து, சிரசில் கைவைத்து ஆசீர்வதியுங்கள். அதன் சுமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யுத்தம் நடக்கும் தேசங்களில் தம்பி தங்கையைச் சுமந்து நிற்கும் பிள்ளைகளுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் ஒப்புக்கொடுங்கள்.