பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் உயிர்கள்

ஜவ்வாது மலையில் ஒரு வீட்டின் ஆள்கணக்கு மனிதரோடு முடிவதில்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையின் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அங்கே ஏர்மாடு, பசு, ஆடு, கோழி, நாய் எல்லாம் மனிதரோடு ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சாமை விதைக்கும் சரிவை உழ மாடு வேண்டும், மண்ணுக்கு எரு வேண்டும், திடீர்ச் செலவுக்கு விற்க ஆடு வேண்டும், விருந்தாளி வந்தால் கோழி வேண்டும், காவலுக்கு நாய் வேண்டும். தேவைதான் இவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் வேலைக்கென்று வந்த உயிரோடு நாள்தோறும் பழகும்போது, அதற்கென்று ஒரு குணமும் பிடிவாதமும் இருப்பது தெரியவருகிறது. வேடிக்கையும் பாசமும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஏர்மாட்டில் இது முதலில் தெரியும். நுகத்தின் இடப்பக்கம் பழகிய மாடு இடப்பக்கம்தான் நிற்கும். மாற்றிப் பூட்டினால் முரண்டு பிடிக்கும், சால் கோணிப்போகும். நன்றாகப் பழகிய ஜோடி, வரப்பு வந்ததும் சொல்லுக்குக் காத்திராமல் தானே திரும்பும். உழவு முடிகிற நேரமும் அவற்றுக்குத் தெரியும். வெயில் ஏறிவிட்டால் கடைசிச் சாலில் நடை தளரும், அவிழ்த்துவிட்டதும் வீட்டை நோக்கிய நடையில் வேகம் பிறக்கும். கல்லும் வேரும் நிறைந்த மலைச் சரிவில் கொழு எங்கே சிக்கும் என்பதை உழுகிறவரோடு மாடும் கற்றுக்கொள்கிறது. ஜோடியில் ஒன்று இறந்துவிட்டால், மிஞ்சியதைப் புதிய மாட்டோடு பழக்குவது பெரும்பாடு.

மேய்கிற மாடுகளில் சில களவு மாடுகள். அடுத்தவர் கொல்லையில் பயிர் முளைத்தது அவற்றுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மாட்டின் கழுத்தில் தொண்டுக்கட்டை கட்டுவார்கள். ஓடினால் கட்டை முன்னங்காலில் இடிக்கும். கெட்டிக்கார மாடோ ஓடுவதை விட்டுவிட்டு, மெல்ல நடந்தே பயிருக்குள் போய்ச்சேரப் பழகிக்கொள்ளும்.

ஆட்டின் வேடிக்கை வேறு. ஏறக்கூடிய இடம் எதுவானாலும் அது ஏறும். திண்ணை, கல், பாதி சாய்ந்த மரம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். தாய் இழந்த குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தால் அது மந்தையை மறந்து, வீட்டாரின் காலைச் சுற்றியே திரியும். முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சுகள் முதலில் கண்ட உருவத்தையே தாயாகக் கொண்டு பின்தொடர்வதை ஆராய்ந்தவர் ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். புட்டிக்குட்டி வளர்த்த வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. மழை நாளில் அந்தக் குட்டி பட்டியில் படுக்க மறுத்து, பிள்ளைகளின் பாயில் இடம் கேட்கும்.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு ஊரே இடம் கொடுக்கும். சாமியின் ஆடு என்பதால் அதை யாரும் அடித்து விரட்டுவதில்லை. அது ஒரு வீட்டில் கஞ்சித் தண்ணீர் குடித்து, இன்னொரு வீட்டின் காய்ந்த தானியத்தில் வாய்வைத்து, கொழுத்துத் திரியும். திருவிழா நாளில் அதன் முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அதைக் கொஞ்சுகிறார்கள்.

கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நார்வேயின் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துவந்தவர். எந்தக் கோழி எதைக் கொத்தும் என்ற வரிசையை 1920-களின் தொடக்கத்தில் ஆய்வாக எழுதினார். இரை போடும் பெண்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். கடைசிக் கோழிக்குத் தனியே ஒரு கை எறிவார்கள். அடைக்கு வந்த கோழியோ எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. முட்டையே இல்லாத இடத்தில் உட்கார்ந்து, நெருங்கும் கையைக் கொத்தும். அடை தெளியத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகு செருகுவதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய வழக்கம். அதே கோழிக்கு வாத்து முட்டையை வைத்தால் பொறுமையாக அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் குட்டையில் இறங்கி நீந்தும்போது, கரையில் நின்று அது கூப்பிடும் பதற்றம் பார்ப்பவரைச் சிரிக்கவும் இரங்கவும் வைக்கும்.

குணம் தெரிந்த உயிருக்குப் பெயர் தானே வந்துவிடுகிறது. மயிலை, செவலை, காரி என்று நிறத்தால் சில, கொம்பின் வளைவால் சில, செய்த குறும்பால் சில. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 516 பால் பண்ணையாளர்களிடம் கேட்டறிந்து 2009-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: பசுக்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் ஒரு பசு ஆண்டுக்கு ஏறத்தாழ 258 லிட்டர் கூடுதலாகப் பால் கொடுத்தது. பெயர் மட்டுமே பாலைக் கூட்டாது. பெயர் வைக்கிற கை நிதானமாகத் தொடுகிறது. எது சாப்பிடவில்லை, எது நொண்டுகிறது என்பதை அன்றே கண்டுகொள்கிறது. பயந்த பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது கறப்பவர் அனைவரும் அறிந்த உண்மை.

விலங்கைப் பெயரோடு நினைவில் வைக்கும் பழக்கத்துக்கு இந்த மலையடிவாரத்திலேயே கல்லில் சான்று இருக்கிறது. ஜவ்வாது மலையை ஒட்டிய செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்போனது. அவற்றில் பல, மந்தையைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்டவர்களுக்கு எடுத்தவை. அந்த வட்டாரத்து எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அவனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்து அது காத்து நின்ற செய்தியையும், கோவிவன் என்று வாசிக்கப்படும் அதன் பெயரையும் கல்வெட்டு சொல்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கும் ஒரு கல் நிற்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியவர்களுக்கு அது வெறும் உடைமையாக இருந்திருக்க முடியாது.

இவ்வளவு நேசிக்கும் உயிரை விற்பதும் அறுப்பதும் எப்படி முடிகிறது? உழைத்துப் பிழைக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால் ஆடு போகும். அறுத்த கோழியின் குழம்பை வீட்டுப் பிள்ளை தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைத் திட்டுகிற பெரியவரும் அன்று குறைவாகத்தான் சாப்பிடுவார். பாசம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. கூண்டுக்குள் அடைத்து எண்ணிக்கையாக மட்டும் வளர்க்கும் பெரும் பண்ணையில் இந்த வலி எழ வாய்ப்பே இல்லை. ஓர் உயிரைத் தனியாக அறிந்தவருக்குத்தான் அதை இழப்பது வலிக்கிறது. அந்த வலியே உயிரோடு இருக்கும்வரை அதை ஒழுங்காக நடத்தவும் வைக்கிறது. பயனையும் பாசத்தையும் தனித்தனியே பிரித்துவைக்க வசதி இல்லாதவர்கள், இரண்டையும் ஒரே கையில் சுமக்கிறார்கள். அது எளிதான வாழ்க்கை அல்ல, ஆனால் நேர்மையானது.

விற்பதற்கும் முறை உண்டு. வேலூருக்கு அருகே பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தையைப் போன்ற இடங்களில், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது தரகர்களின் பழக்கம். விலை முடிந்ததும் விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தன்னோடு வைத்துக்கொள்வார்; வாங்கியவர் புதுக்கயிறு போட்டுக்கொள்ள வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் வீட்டின் மாட்டுப் பாக்கியமும் கூடவே போய்விடும் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது.

சமவெளியில் டிராக்டர் வந்தபின் பல வீடுகளில் ஏர்மாடு இல்லை. பொங்கலுக்குப் பின் நடக்கும் எருது விடும் விழாவுக்கென்றே காளை வளர்ப்போரும் அங்கே உண்டு. மலையில் நிலை வேறு. சரிவான சிறு துண்டு நிலங்களுக்கும் பாறை இடுக்குகளுக்கும் டிராக்டர் ஏறாது என்பதால், அங்கே உழவுக்கு இன்னும் ஜோடி மாடு தேவைப்படுகிறது. சாமையை மேய வரும் காட்டுப்பன்றியை விரட்டப் பரணில் இரவுக் காவல் இருக்கும்போது, ஏணி ஏற முடியாத நாய் கீழே சுருண்டு படுத்துக்கொள்கிறது. மோப்பம் பிடித்து முதலில் குரைப்பதும் அதுதான்.