மண்ணுக்கென்று ஒரு நலம்

ஒரு நிலம் கெட்டுப்போயிற்று என்று எதை வைத்துச் சொல்கிறோம்? விளைச்சல் குறைந்ததை வைத்தா? இங்கிலாந்தில், ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையிலுள்ள ஒரு புல்வெளி இதற்குச் சுலபமாகப் பதில் சொல்ல விடுவதில்லை.

1856இல் ஜான் பென்னட் லாஸும் ஹென்றி கில்பர்ட்டும் அந்த வெளியைப் பாத்திகளாகப் பிரித்து உரச் சோதனையைத் தொடங்கினார்கள். சோதனை இன்றும் நடக்கிறது. வருடாவருடம் அம்மோனியம் சல்பேட் போட்ட பாத்திகளில் மண் கடும் அமிலமாகி, அதன் பிஎச் அளவு 4க்கும் கீழே இறங்கிவிட்டது. குனிந்து பார்த்தால், மக்காத பழைய புல் பழுப்பு மெத்தையாகப் படிந்து கிடக்கும். மக்க வைக்க மண்புழு இல்லை. வளர்வதோ இரண்டு மூன்று வகைப் புல்தான். உரமே காணாத பக்கத்துப் பாத்தியில் முப்பதுக்கும் மேற்பட்ட செடிவகைகள்!

அமிலம் கூடினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். குளோவர் என்ற தீவனச் செடியின் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியாவும் சோர்ந்துபோகும். 1903இல் பெரும்பாலான பாத்திகளில் பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு இடத் தொடங்கினார்கள். இட்ட பக்கத்தில் அந்த மெத்தை கரைந்தது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்து கிடைத்த இடங்களில் குளோவர் தழைத்தது. அதனால் தீவனத்தில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடின.

ஆனால் சுண்ணாம்பு படாத அமிலப் பாத்தியிலும் தழைச்சத்தின் பலத்தில் அறுக்கும் அளவுக்குப் புல் வளரத்தான் செய்கிறது. உரமே இல்லாத பாத்தியில் விளைச்சல் சொற்பம், உயிர்களோ ஏராளம். எடையை மட்டும் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். விளைச்சலைத் தாண்டி நிலத்தைப் பார்ப்பது பழைய எண்ணம்தான். பைபிளிலுள்ள லேவியராகமம் ஒவ்வொரு ஏழாம் ஆண்டும் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் குடியிருப்பவர் மட்டுமே என்கிறது. நம் பசியைத் தாண்டி மண்ணுக்கென்று ஒரு நலம் உண்டு என்ற இந்த எண்ணம் சரி என்றே படுகிறது. சுண்ணாம்பையும் அந்த நலத்துக்காகவும் இடலாம், மண்ணைக் கறப்பதற்காகவும் இடலாம். தொழு உரம் இல்லாமல் அதையே கொட்டினால் அப்பன் செழிப்பான், மகன் வறுமைப்படுவான் என்று ஐரோப்பிய உழவர்கள் எச்சரித்தது இதனால்தான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1970களில் ஸ்னேடன் என்ற ஆய்வாளர், ராத்தம்ஸ்டெட் புல்வெளியில் வளரும் ஒரு வாசனைப்புல் அடுத்தடுத்த பாத்திகளிலேயே பரம்பரையாக வேறுபட்டுவிட்டதைக் காட்டினார். அமிலப் பாத்தியின் புல் அமிலத்துக்கே பழகிப்போயிருந்தது. இனி அங்கே சுண்ணாம்பு இட்டால் மண் தேறலாம். அந்த மண்ணையே நம்பி உருவான புல்லுக்கு அது நன்மையா?