ஊசியோடு முடித்துவிடாதீர்கள்

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்தபோது செத்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள். அப்படி ஓடிப்போய் உயிரோடு திரும்பியவர்களும் உண்டு. காயம்பட்டோர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறுவதில்லை, நிவாரணமும் கிடையாது. அச்சங்குளம் 2021, ரெங்கபாளையம் 2023, சின்னக்காமன்பட்டி 2025 என்று ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் இப்படி ஒரு கூட்டம் நம் தெருக்களில் நடமாடுகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. கதவு படாரென்று சாத்தினால் உடம்பு உதறுகிறது. ஆண் என்றால் கால் டாஸ்மாக் பக்கம் போகிறது. பெண் என்றால் மூலையில் உட்கார்ந்துவிடுகிறாள்.

"பயந்துட்டான்" என்று சொல்லி விபூதி போடுகிறீர்கள். போடுங்கள். இருக்கன்குடி கோயிலுக்கும் கூட்டிப்போங்கள். ஆனால் இன்னொரு பஸ் ஏறி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போங்கள், இந்த வாரமே. போக முடியவில்லையா? 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. சாகப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி. பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அகற்றுங்கள், தனியே விடாதீர்கள். ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டிருந்தால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

இப்போது கைப்பேசியைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள்: கெட்டமைன் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே மனச்சோர்வு விலகுமாமே? பொய்யில்லை, பலருக்கு விலகுகிறது. நமக்குப் புதிய மருந்தும் அல்ல. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வலி தெரியாமலிருக்க மயக்க மருத்துவர்கள் போடுவது இதுதான். 2000இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், மயக்கத்துக்குத் தருவதைவிடக் குறைந்த அளவை நாற்பது நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏற்றி, மனச்சோர்வு குறைவதைக் கண்டார்கள். 2019இல் இதன் உறவுக்கார மருந்து ஒன்றை மூக்கில் தெளிக்கும் வடிவில், வேறு மாத்திரைகளுக்கு மசியாத மனச்சோர்வுக்காக, அங்கே அனுமதித்தார்கள்.

ஆனால் ஒரு ஊசியின் பலன் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தேய்ந்துவிடும். வெடியைக் கண்ணால் பார்த்தவர்களின் அதிர்ச்சி நோய்க்கு இது எவ்வளவு கேட்கும் என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. அதனால்தான் சில இடங்களில் ஊசியோடு பேச்சு சிகிச்சையையும் சேர்க்கிறார்கள். ஊசிக்கு முன்பே நோயாளியோடு பழகி, ஏறும்போது பக்கத்தில் இருந்து, மனசு சற்று இளகியிருக்கும் அடுத்த நாட்களில், அடைத்து வைத்ததைப் பேசவைக்கிறார்கள். இந்தப் பாதியை வெட்டிவிட்டு ஊசியை மட்டும் விலைபேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நாக்பூரில் வாங்கிய பட்டாசு லைசென்ஸைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆலையை உள்குத்தகைக்கு விட்டு, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்காரவைக்கிறவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அமெரிக்க நடிகர் மாத்யூ பெர்ரி முறைப்படி கெட்டமைன் சிகிச்சை பெற்றுவந்தவர். வெளியிலும் வாங்கிப் போட்டுக்கொண்டு 2023 அக்டோபரில் செத்துப்போனார். அந்த வழக்கில் சிக்கிய ஐந்து பேரில் இருவர் டாக்டர்கள்.

குடும்பத்தார் கூச்சப்படாமல் கேளுங்கள். இரத்த அழுத்தம் பார்த்தீர்களா? வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா என்று விசாரித்தீர்களா? ஊசி ஏறும்போது யார் கூட இருப்பார்கள்? அதற்குப் பிறகு பேசப்போவது யார்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து. எவனாவது பொட்டலமாக நீட்டினால் அது வைத்தியமே அல்ல. தொடர்ந்து போட்டால் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். சாதாரண மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் பலருக்கு இந்த ஊசியே தேவைப்படாதபடி செய்துவிடும். மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும். பத்தாம் நாளே "கேக்கல" என்று தூக்கிப் போடாதீர்கள்.

முதலாளிமாரே, போர்மேன்களே, மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது. வெடி நடந்த மறுவாரமே, "அட்வான்ஸ் வாங்கியிருக்கேல்ல" என்று ஆள் அனுப்பாதீர்கள். கெட்டமைன் ஏற்றிக்கொண்டவர் அன்று வண்டி ஓட்டக் கூடாது என்பது விதி. தூக்க மாத்திரை சாப்பிட்டவரையும் இரண்டு ராத்திரி கண்மூடாதவரையும் பட்டாசுக்கான மணிமருந்து கலக்க உட்காரவைப்பீர்களா? டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவர்களைப் பெட்டி ஒட்டும் வேலைக்கு மாற்றுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.