வற்றும் நீரும் வலையின் அறமும்

மனிதன் தன் உணவை இயற்கையிடமிருந்து பெறும் இடமெல்லாம் அறவினா ஒன்றும் உடன்பிறக்கின்றது. வயலில் விதைத்தவன் விளைவுக்கு உரியவன் என்பதில் ஐயமில்லை. ஆனால், பொது நீர்நிலையில் வாழும் மீனுக்கு உரியவர் யாவர்? அதனை எப்பொழுது பிடிக்கலாம், எப்பொழுது விட்டுவைத்தல் வேண்டும்? இவை ஏட்டளவில் நின்றுவிடும் வினாக்கள் அல்ல. மலையக நீர்த்தேக்கங்களின் கரைகளில் ஆண்டுதோறும் எழுபவை.

உடப்புசல்லாவையின் தேயிலைச் சரிவுகள் வடகீழ்ப் பருவமழையை நேரே ஏற்பவை. அச்சரிவுகளில் வழியும் நீர் ஓடைகளாகத் திரண்டு மகாவலியைச் சேர்கின்றது. அந்நதியை மறித்து 1980களில் அமைக்கப்பட்ட ரந்தெனிகலை நீர்த்தேக்கம் மலைகளின் கீழே பரந்து கிடக்கின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் மலைமேல் வறண்ட காற்று வீசுகின்றது. கீழே மினிப்பேப் பகுதியின் சிறுபோக வயல்களுக்கு நீர் வேண்டியிருக்கின்றது. வரவு குறைந்து செலவு மிகும்போது நீர்மட்டம் தாழ்கின்றது. பரந்து திரிந்த மீன்கள் ஒடுங்கிய நீரில் நெருங்குகின்றன. வலை வீசுபவனுக்கு அதுவே கைநிறையும் காலம். மீனினத்துக்கோ அதுவே காப்புக் குறைந்த காலம். எளிதிற் கிடைப்பதனாலேயே ஒன்று எடுத்துக்கொள்ளத் தக்கதாகிவிடுமா?

இந்நீர்த்தேக்கங்களில் பெரிதும் அகப்படுவது திலாப்பியா. ஆபிரிக்காவுக்குரிய இம்மீன் 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. கரையோரத்து ஆழங்குறைந்த நீரில் ஆண்மீன் குழி பறிக்கும். பெண்மீன் முட்டைகளைத் தன் வாயினுள்ளே ஏந்திக் காக்கும். அத்தகைய தாயொன்றைப் பிடிப்பவன் ஒரு மீனையன்று, வரவிருக்கும் ஒரு கூட்டத்தையே பிடித்துவிடுகின்றான். சிறுகண் வலை இதனினும் கொடிது. வளராத குஞ்சும் அதற்குத் தப்பாது. 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள்வலைகளை இலங்கையின் உள்நாட்டு மீன்பிடி விதிகள் விலக்கியிருப்பது இக்காரணம் பற்றியே.

விதி தெளிவானது, வாழ்க்கை அத்துணைத் தெளிவானதன்று. 1882 இல் ஆங்கிலேயர் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் டிரவுட் மீன்களைக் கொணர்ந்து விட்டது தூண்டில் விளையாட்டுக்காக. விளையாட்டாக மீன் பிடிப்பவன் ஒரு பருவம் ஓய்ந்திருப்பதால் இழப்பது ஏதுமில்லை. அன்றைய பிடியை அன்றே விற்று அரிசி வாங்குபவனின் நிலை வேறு. நாளைய மீன் இன்றைய உலையில் வேகாது. மேலும், தான் விட்டுவைத்த மீனை அடுத்த தோணிக்காரன் பிடித்துவிடுவான் என்பதும் அவன் அறிந்ததே. எனவே, அடக்கம் என்னும் பண்பைத் தனிமனிதனிடம் மட்டும் எதிர்பார்ப்பது, பெரும்பாலும் வறியவனிடம் மட்டும் எதிர்பார்ப்பதாகவே முடிகின்றது.

மீனைக் கொல்லுதலே தீதாகலின் இத்தொழிலையே கைவிடுதல் நன்று என்பாரும் உளர். புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைப் போற்றும் மரபில் இக்கூற்றை எளிதாக ஒதுக்கிவிடல் இயலாது. ஆயினும், தன்னளவில் ஒருவன் ஏற்கும் நோன்பு வேறு; பிறர்மீது அரசு சுமத்தும் கொள்கை வேறு. 1990 இல் இலங்கை அரசு, சமய நோக்கிலான ஆட்சேபத்தை முன்னிட்டு, உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. 1994 வரை அந்நிலை நீடித்தது. அதனால் மீன்பிடி நின்றுவிடவில்லை. நின்றவை, குஞ்சு இடுதலும் மேற்பார்வையுமே. கட்டுப்பாடு தளர்ந்த நீரில் சிறுகண் வலைகள் பெருகின. கை கழுவுதல் கொல்லாமை ஆகாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நீர்த்தேக்கத்தின் மீனுக்கு ஊறு செய்பவன் வலைஞன் ஒருவனே என்பதும் உண்மையன்று. நீர்மட்டம் விரைந்து தாழும்போது கரையோரக் குழிகள் வெளிப்பட்டுக் காய்கின்றன. மதகைத் திறப்பவர் கையில் வலை இல்லை. ஆயினும் அவர் செயலும் மீனைத் தொடுகின்றது. வயலுக்கு நீரும் வீட்டுக்கு மின்னும் வேண்டியவை என்பதை எவரும் மறுக்கார். ஆனால் அந்நீரையும் மின்னையும் நுகரும் அனைவரும் அவ்விழப்பிற் பங்காளிகளே. பயனைப் பலரும் பகிர, அடக்கத்தை ஒருவனே சுமப்பது நீதியாகுமா?

கடல்மீனைப் பொறுத்தவரை தமிழ்நாடு இதற்கு ஒருவாறு விடை கண்டுள்ளது. அங்கு 2001 முதல் 45 நாட்களாகவும், 2017 முதல் 61 நாட்களாகவும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. அக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகின்றது. தொகை போதாது என்னும் குறை இருப்பினும், அதன் அடிப்படை செம்மையானது: நாளைய மீனுக்காக இன்று வலையை மடிப்பவனின் பசியைச் சமூகமும் பகிர்தல் வேண்டும்.

நீர்த்தேக்க மீன்பிடிக்கும் இதுவே பொருந்தும். வலைக்கண்ணை விரித்தல் மீனவன் கடன். மதகை அளவறிந்து திறத்தல் ஆள்வோர் கடன். மெலிந்த காலத்தில் அவன் குடும்பத்தைத் தாங்குதல் ஏனையோர் கடன். இம்மூன்றும் இணையுமிடத்தேதான் விட்டுவைத்தல் அறமாகும். ஏனைய இரண்டையும் மறந்து முதலாவதை மட்டும் வற்புறுத்துவது, வயிறு நிறைந்தவர் பசித்தவனுக்குச் சொல்லும் உபதேசமாகவே எஞ்சும்.